கோழித் தீவனமும் குடியானவர் ஆகாரமும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் கோழிப்பண்ணை நடத்துவோர் தீவன விஷயத்தில் காட்டும் சிரத்தை யாவரும் அறிந்ததே. முட்டையிடும் கோழியின் தீவனத்தில் புரதச் சத்து நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு வரையிலும், சுண்ணச் சத்து ஏறக்குறைய 4 பங்கும் இருத்தல் வேண்டும் என்பதைப் பண்ணை ஆளும் தலைகீழாகச் சொல்லுவான். மக்காச்சோளத்தில் லைசின் என்னும் புரத அங்கம் குறைவு என்பதனால் சோயாப் பிண்ணாக்குச் சேர்க்கப்படுகிறது. மெதியோனின் என்னும் மற்றோர் அங்கம் போதாமையால் அது தூளாகக் கலக்கப்படுகிறது. முட்டையோடு உறுதிப்படும் பொருட்டுக் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் இடப்படுகின்றன. பிண்ணாக்கின் மீது சந்தேகம் எழுந்தால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த தீவனப் பகுப்பாய்வு ஆய்வுக்கூடத்திற்கு மாதிரி அனுப்பிப் பூஞ்சை நஞ்சு உண்டா என்று பார்த்த பின்னரே அது கோழியின் வாய்க்குப் போகிறது. ஒரு வாரம் முட்டை குறைந்தால் உடனே தீவனக் கணக்கு எடுத்துப் பார்க்கப்படுகிறது.

இவ்வளவு கணக்குப் பார்க்கும் குடும்பத்தின் அடுப்பங்கரையில் இதிற் பத்தில் ஒரு பங்கு கணக்காவது உண்டா? வளரும் பிள்ளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும், கருவுற்ற பெண்ணுக்கு எவ்வளவு சுண்ணச் சத்து வேண்டும், இட்ட சோற்றில் தேகத்திற் சேர்வது எவ்வளவு, சேராது கழிவது எவ்வளவு என்று கேட்பார் அரியர். வயிறு நிறைந்ததா என்ற ஒரு கேள்வியோடு விசாரணை முடிந்துவிடுகிறது. கோழிக்குக் கணக்கு வைப்பது தவறன்று, அது சரியே. அதே கணக்கை வீட்டாருக்கும், காட்டில் வேலை செய்யும் ஆட்களுக்கும் வைக்காமைதான் தவறு. அத்தகைய கணக்கு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அன்று. இச்சமவெளியில் விளையும் பொருள்களைக் கொண்டே, அண்டையிலுள்ள மைசூரிலும் குன்னூரிலும் அது போடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன.

ஆராய்ச்சி நடந்த விதம்

தென்னாட்டில் ஆகார ஆராய்ச்சி குன்னூரில் தொடங்கியது. 1918-ல் மக்காரிசன் என்னும் வைத்திய அதிகாரி பெரிபெரி நோயின் காரணத்தை அறியும் பொருட்டு அங்கே ஒரு சிறு ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஆகார ஆராய்ச்சிச் சாலையாகி, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய போஷாக்கு நிறுவனமாக விளங்குகிறது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் ஆகாரங்களை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து மக்காரிசன் ஒப்பிட்டார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த சீக்கியர் ஆகாரத்தைத் தின்ற எலிகள் மற்றெல்லாவற்றிலும் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியான சென்னை மாகாண ஆகாரத்தைத் தின்றவை கடைசி நின்றன. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட், புழுங்கல் அரிசியின் சிறப்பை விளக்கினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசியினுள் இறங்கிவிடுவதால், தீட்டிய பின்னும் அதில் ஒரு பகுதி நிற்கிறது. பச்சரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடுகிறது.

சேலம், நாமக்கல் குடியானவர்களுக்கு இவற்றினும் நெருங்கிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1950-ல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அதன் முதல் டைரக்டர் டாக்டர் வி. சுப்பிரமணியன். அதற்கு முன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உயிர் ரசாயனப் பகுதியில் பணிபுரிந்தவர். அவரும் எம். சுவாமிநாதன் முதலிய அவருடைய துணைவர்களும் எடுத்துக்கொண்ட பொருள்கள் யாவை எனில், கேழ்வரகு, நிலக்கடலை, மரவள்ளிக் கிழங்கு, கடலைப் பருப்பு ஆகியவையே. சேலத்துச் சந்தையில் ஒரு நாள் நின்றால் இந்நான்கும் கண்ணிற் படும்.

அவர்கள் கையாண்ட முறை எளிது. குடியானவர் வரவு செலவுக் கணக்கைப் போன்றது. மனிதர் உண்ணும் ஆகாரத்திலுள்ள நைட்ரஜன், சுண்ணம், பாஸ்பரம் ஆகியவற்றை அளந்து வரவில் வைப்பர். மலமூத்திரங்களிற் கழிந்தவற்றை அளந்து செலவில் வைப்பர். மிச்சம் தேகத்திற் சேர்ந்தது. செலவு மிகுந்தால் தேகம் தன் முதலையே தின்கிறது என்று பொருள். ஒரு தானியத்தில் இவ்வளவு சத்து இருக்கிறது என்று சொல்வது களத்தில் அளந்த நெல்லைப் போன்றது. ஜீரணித்துத் தேகத்தில் நிலைத்த சத்தே குதிருக்கு வந்து சேர்ந்த நெல். இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறியாமல் சத்துணவைப் பற்றிப் பேசுவது வீண்.

மரவள்ளியும் நிலக்கடலையும்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைப்பட்டது. 1943-ஐ ஒட்டிச் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தோன்றியது. ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கங்களில் மானாவாரிப் புன்செய்களும் கிணற்றடி நிலங்களும் மரவள்ளிக்கு மாறின. 1981-ல் ஏற்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் விற்பனைக்கும் ஒழுங்கு உண்டாயிற்று. இப்பயிர் பல குடும்பங்களின் கடனைத் தீர்த்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் ஆகாரம் என்ற முறையில் அதன் நிலை வேறு. 100 கிராம் பச்சை மரவள்ளிக் கிழங்கில் புரதம் 1 கிராமுக்கும் குறைவு. கிழங்கை அரைத்துப் பாலெடுத்துத் திப்பியை ஒதுக்கிச் செய்யும் ஜவ்வரிசியில் அதுவும் இல்லை என்றே சொல்லலாம். அது பெரும்பாலும் வெறும் மாவுச்சத்து. எளிதில் ஜீரணமாகிறது என்று நோயாளிக்கும் குழந்தைக்கும் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பது வழக்கம். எளிதில் ஜீரணமாவது உண்மையே. ஆனால் ஜீரணமான பின் தேகத்தைக் கட்டுவதற்கு அதில் ஏதும் இல்லை. இரண்டு நாள் காய்ச்சலுக்கு அது போதும். வளரும் குழந்தைக்கு அது ஆகாரமாகாது.

மைசூர் நிலையத்தார் இக்குறையை நீக்க வழி கண்டனர். மரவள்ளி மாவு 75 பங்கு, எண்ணெய் நீக்கிய சுத்தமான நிலக்கடலை மாவு 25 பங்கு சேர்த்து ஒரு கலவை செய்தனர். அதற்கு மைசூர் மாவு என்று பெயர். அத்தகைய கடலை மாவில் ஏறக்குறையப் பாதி புரதமாகையால், கலவையில் நூற்றுக்குப் 12 அல்லது 13 பங்கு புரதம் அமையும். அரிசியில் இருப்பதோ 7 பங்கு அளவே. மேலும், கடலை மாவு 75 பங்கும் கொண்டைக்கடலை மாவு 25 பங்கும் சேர்த்து, வைட்டமின்களும் சுண்ணமும் கூட்டிப் பல்நோக்கு உணவு என்ற மற்றொன்றையும் அவர்கள் செய்தனர். நிலக்கடலையில் லைசின் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதே இக்கலவையின் உட்பொருள். மக்காச்சோளத்தோடு சோயாப் பிண்ணாக்கைச் சேர்க்கும் கோழிப்பண்ணைக்காரர் செய்வதும் இதுவே.

செக்கிலிருந்து வரும் பிண்ணாக்கை மனிதர் உண்ணலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. 1960-ல் இங்கிலாந்தில் நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கு மேல் மாண்டன. ஈரக்கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று கண்டு, அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். கல்லீரலைக் கெடுக்கும் இந்நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றும் நீங்குவதில்லை. ஆகையால் காயைப் பிடுங்கியவுடன் நன்கு உலர்த்த வேண்டும். குலுக்கினால் பருப்பு உள்ளே சலசலக்க வேண்டும். சுருங்கியதும் பூஞ்சை பிடித்ததும் நிறம் மாறியதுமான பருப்பை அறவே கழிக்க வேண்டும். வியாபாரிக்கு நல்ல பருப்பை அளந்துவிட்டு, சொத்தைப் பருப்பை வீட்டுச் சட்டினிக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கோழிக்கு ஆகாதென்று தள்ளியதைக் குழந்தைக்கு இடுவது சிக்கனமன்று, பெருநஷ்டம்.

கேழ்வரகின் மெய்ந்நிலை

100 கிராம் கேழ்வரகில் சுண்ணச் சத்து ஏறக்குறைய 344 மில்லிகிராம். அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம். இவ்வொப்பீடு எல்லாரும் சொல்வதே. அவ்வளவும் தேகத்திற் சேருமா என்பதே கேள்வி. கேழ்வரகின் மேல் தோலில் பைட்டேட் என்னும் பொருளும் துவர்ப்புப் பொருளும் உண்டு. அவை சுண்ணத்தையும் இரும்பையும் பற்றிக்கொண்டு ஓரளவு கழிவோடு போய்விடுகின்றன. புரதம் ஜீரணமாவதையும் தடுக்கின்றன.

சுப்பிரமணியனும் துணைவர்களும் 1955-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைப் பற்றியதே. கேழ்வரகைப் பிரதான தானியமாகக் கொண்ட எளிய சைவ ஆகாரத்தை வயது வந்தோருக்குக் கொடுத்து, மேற்சொன்ன வரவு செலவுக் கணக்கை எடுத்தனர். தடைகள் இருந்தும், நைட்ரஜன், சுண்ணம், பாஸ்பரம் மூன்றிலும் வரவே மிகுந்திருந்தது. களியும் கூழும் உண்டு உழைத்த முன்னோர் உடலுறுதியுடன் இருந்தனர் என்பது வெறும் பெருமைப் பேச்சன்று என்பதற்கு இது தக்க சான்று. ஆனால் வயது வந்தவர் தேகத்தைக் காப்பது வேறு. குழந்தை வளர்வது வேறு. குழந்தையின் இரைப்பை சிறிது. கேழ்வரகு மாவைக் காய்ச்சினால் கெட்டியாகிறது. தண்ணீரைக் கூட்டினால் வயிறு நிறைகிறதே தவிரச் சத்துப் போதாமற் போகிறது.

இதற்கும் வழி உண்டு. அது வீட்டுப் பெண்கள் அறிந்ததே. கேழ்வரகை முளைகட்டினால் அதில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி மிகுதியாக உண்டாகிறது. சிறுதானியங்களுள் முளைகட்டுவதற்குக் கேழ்வரகு மிகவும் ஏற்றது. முளைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி நீர்த்திருக்கும். ஆகையால் அதிக மாவைச் சேர்த்தும் குழந்தை விழுங்கும் பதத்தில் காய்ச்சலாம். பைட்டேட்டும் குறைகிறது. மைசூர் நிலையத்தைச் சேர்ந்த மல்லேஷி, தேசிகாசார் ஆகியோர் 1982-ல் முளைகட்டிய கேழ்வரகும் பாசிப்பயறும் சேர்ந்த குழந்தை உணவை இம்முறையிலேயே வகுத்தனர். தானியத்தை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் இரண்டு நாள் கட்டிவைத்து, முளை வந்ததும் வெயிலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் மணம் வரும் வரை புரட்டி, வேரைத் தேய்த்து நீக்கி அரைத்தல் வேண்டும். கருக வறுத்தால் நொதி அழிந்து உழைப்பு வீணாகும். கேழ்வரகு ஏழு பங்குக்குப் பாசிப்பயறு மூன்று பங்கு சேர்த்தால் புரதமும் நிரம்பும்.

சோளத்திற்கும் இதுபோன்ற ஒரு குணம் உண்டு. தண்ணீரில் வேகவைத்தால் அதன் புரதம் இறுகி, ஜீரணத்துக்கு உடன்பட மறுக்கிறது. மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சினால் அக்குறை பெரிதும் தணிகிறது. இரவில் கரைத்துவைத்து மறுநாள் காய்ச்சும் புளித்த கூழை ஏழைகளின் ஆகாரமென்று இகழ்ந்து கைவிட்டவர்கள், ஆய்வுக்கூடம் ஒப்புக்கொள்ளும் ஒரு முறையைக் கைவிட்டவர்களாகிறார்கள்.

முட்டை விளையும் ஊரில்

நாமக்கல் முட்டை பல மாகாணங்களுக்கும் கடல் கடந்தும் போகிறது. 100 கிராம் முட்டையில் 13 கிராம் அளவு உயர்ந்த புரதம் உண்டு. எல்லா அங்கங்களும் அதில் நிறைந்துள்ளன. தமிழ்நாட்டுப் பள்ளிச் சத்துணவில் 2010 முதல் வாரத்தில் ஐந்து நாள் முட்டை வழங்க ஏற்பாடாயிற்று. இது போற்றத்தக்கது. ஆனால் முட்டையைப் பற்றி இப்பக்கத்தில் நிலவும் ஓர் எண்ணம் திருத்தப்பட வேண்டும். பருவமடைந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையை நல்லெண்ணெயோடு விழுங்கக் கொடுப்பது வழக்கம். பச்சையாக உண்டால் பலம் அதிகம் என்பது நம்பிக்கை. 1998-ல் பெல்ஜியம் நாட்டில் இதை அளந்து பார்த்தார்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு 91 பங்கு ஜீரணமாயிற்று. பச்சை முட்டையில் 51 பங்கு மாத்திரமே ஜீரணமாயிற்று. மேலும் பச்சை வெண்கரு பயோட்டின் என்ற வைட்டமினைச் சேரவொட்டாமல் தடுக்கிறது. பச்சை முட்டையால் வயிற்று நோய்க் கிருமிகள் பரவுவதும் உண்டு. பெண்ணுக்கு முட்டை கொடுக்கும் வழக்கம் மிக நல்லது. அதை வேகவைத்துக் கொடுத்தால் ஏறக்குறைய இரட்டிப்புப் பயன் கிட்டும்.

ஆட்சேபங்களும் சமாதானமும்

மரவள்ளி விற்ற பணத்தில் பருப்பும் முட்டையும் வாங்கிக்கொள்ளலாமே, கேழ்வரகு எதற்கு என்று கேட்கலாம். வாங்கினால் ஆட்சேபமில்லை. ஆனால் மரவள்ளிப் பணம் எட்டு, பத்து மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. வந்ததும் உரக்கடன், கலியாணம், கிணறு என்று போகிறது. நாள்தோறும் வேண்டிய ஆகாரம் நாள்தோறும் கையில் இருக்கும் பொருளிலிருந்தே வரும். கையில் இருப்பது அரிசி. 2011 முதல் அது விலையின்றிக் கிடைக்கிறது. அவ்வரிசி பட்டினியை ஓட்டியது பெருநன்மை. பட்டினி போன பின் அடுத்தபடியாகப் போக வேண்டியது போஷாக்குக் குறைவு. அதை அரிசி மட்டும் ஓட்டாது.

கேழ்வரகுக்கு அறுவடைக் கூலி கட்டுபடியாகாது என்பது இரண்டாவது ஆட்சேபம். விற்பனைக்குப் பயிரிட்டால் அது உண்மையாகவும் இருக்கலாம். வீட்டு உபயோகத்துக்குக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து பேருள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் என்றால் தினம் 1 கிலோ. வருஷத்துக்கு 365 கிலோ. கிணற்றுப் பாசனத்தில் ஏக்கருக்கு 1,000 கிலோ விளைந்தாலும் 40 சென்ட் நிலம் போதும். மூன்று ஏக்கர் மரவள்ளி வைப்பவருக்கு 40 சென்ட் பெரிய தியாகமாகாது.

செய்யவேண்டியவை

நிலமுடையோர் ஒவ்வொருவரும் வீட்டுக்கென ஒரு துண்டில் கேழ்வரகு நடவேண்டும். எட்டு வரிசைக்கு ஒரு வரிசை மொச்சை அல்லது அவரை வைத்தால் பருப்பும் அங்கேயே கிடைக்கும். மரவள்ளி நட்ட முதல் இரண்டு மூன்று மாதங்கள் இடைவெளி வெறுமையாய்க் கிடக்கிறது. அதில் உளுந்தோ நிலக்கடலையோ ஊடுபயிராக இடலாம். மைசூரில் ஒரே மாவில் கலந்த மரவள்ளியும் கடலையும் இங்கே ஒரே வயலில் கலந்து விளையக்கூடியவை. விளைந்த கடலையில் முதல் தரத்தில் ஒரு மூட்டையை விற்காமல் நிறுத்த வேண்டும். வறுத்த கடலை ஒரு கைப்பிடி பள்ளிப் பிள்ளைக்குச் சிறந்த சிற்றுண்டி. காட்டு வேலைக்கு வரும் ஆட்களுக்குக் காலையில் தேநீரும் பன்னும் கொடுப்பதைவிடக் கூழும் பயறும் கொடுப்பது அவர்களுக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது. உணவோடு தேநீர் பருகினால் தானியத்திலுள்ள இரும்புச் சத்துச் சேராது; நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் இருந்தால் அது நன்கு சேரும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. அடங்கலில் பயிர்வாரி விஸ்தீரணம் ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. அது தீர்வைக்கும் நஷ்ட ஈட்டுக்கும் மாத்திரம் உரிய கணக்கு அன்று. கேழ்வரகும் சோளமும் பயறும் எத்தனை ஏக்கர் இருந்து எத்தனையாகக் குறைந்தன என்பதை அதிலிருந்து எடுத்துக் கிராம சபையில் வாசித்தால், ஊர் தன் ஆகாரத்தை எவ்வளவு விற்றுவிட்டது என்பது ஊராருக்கே விளங்கும். அங்கன்வாடிக் குழந்தைகளின் எடையும் உயரமும் பதிவாகின்றன. இவ்விரு பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அதிகாரி ஊருக்குப் பேருபகாரம் செய்தவராவார். 2023-ல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் நியாயவிலைக் கடைகளின் வழியே 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். அத்தகைய ஏற்பாடு பரவி நிலைப்பது அண்டைச் சமவெளிகளில் தானியம் விளைந்தால்தான் கூடும்.

பண்ணைக் கோழி ஒருநாள் முட்டையிடாவிட்டால் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். குழந்தை வளராமற் போவது அப்படித் தெரிவதில்லை. பத்து வருஷம் கழித்து, பள்ளியில் பின்தங்கியபோதும், மண்வெட்டி பிடிக்கும் வயதில் மூச்சு வாங்கும்போதுமே தெரிகிறது. அப்போது தீவனத்தை மாற்றிப் பயனில்லை. வரும் ஆடிப்பட்டத்துக்கு மரவள்ளிக் கரணை வெட்டுமுன், கேழ்வரகுக்கு 40 சென்ட் அளந்து ஒதுக்குவதே இவ்விஷயத்தில் முதற்காரியம்.